தெரிந்தும் சொல்லாவிட்டால்

வேதாளம் கதைகளைப் பிள்ளைகளுக்கு முதன்முதலாகப் படித்துக் காட்டப் போகிறவர்கள் ஒரு கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். லாஸ்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார்கள். பைண்டு பண்ணிய பழைய அம்புலிமாமாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். துறவி ஒருவன் கேட்ட பிணத்தை விக்கிரமாதித்த ராஜா பேசாமல் சுமந்து போக வேண்டும்; அதில் குடியிருக்கும் வேதாளம் வழியில் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். இரண்டாவது கதை முடிந்ததுமே ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டுவிட்டாள்: "ஏன் பாட்டி, ராஜா வாயை மூடிக்கிட்டு நடந்தா வேலை முடிஞ்சிடும்ல? எதுக்குப் பதில் சொல்றாரு?"

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை அம்புலிமாமா. அதில் ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக ராஜா நடக்கும் படம் ஓவியர் சங்கர் வரைந்தது. அவர் 2020-இல் காலமானார். மறு ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எத்தனையோ வீடுகளில் விக்கிரமாதித்தனுக்கு அதுதான் முகம்.

வேதாளத்தின் நிபந்தனையைக் கவனமாகப் படிக்க வேண்டும். பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். நடந்த நடையெல்லாம் வீண். பயத்தில்தான் ராஜா பேசுகிறான் என்றால் அதில் என்ன பெருமை?

இதே நிபந்தனை மகாபாரதத்தில் இருக்கிறது. பிரகலாதனின் மகன் விரோசனனும் சுதன்வன் என்ற பிராமண இளைஞனும் யார் உயர்ந்தவர் என்று உயிரையே பணயம் வைக்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் பிரகலாதன். பொய் சொன்னாலும் சரி, சொல்லாமல் இருந்தாலும் சரி, இந்திரனின் வஜ்ராயுதம் உன் தலையை நூறாகப் பிளக்கும் என்கிறான் சுதன்வன். பிரகலாதன் காசியபரிடம் போய்த் தருமம் கேட்டு வந்து, சுதன்வனே உயர்ந்தவன் என்று பெற்ற மகனுக்கு எதிராகச் சொல்கிறான். இந்தக் கதையை விதுரர் எங்கே சொல்கிறார் என்பதுதான் முக்கியம். தன்னைச் சூதில் பணயம் வைத்தது சரியா என்று திரௌபதி கேட்ட கேள்விக்குப் பெரியவர்கள் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்த சபையில் சொல்கிறார். தருமம் நுட்பமானது என்று பீஷ்மர் ஒதுங்கிக்கொண்ட சபை அது. அன்று அங்கே யார் தலையும் வெடிக்கவில்லை. அதனால்தான் நான் அந்தத் தண்டனையைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்வதில்லை. தெரிந்ததை விழுங்கிக்கொண்டு, அதே தலையைச் சுமந்து நிம்மதியாக வாழ முடியாது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு இவ்வளவும் சொல்லத் தேவையில்லை. ஹெலிபேடு மைதானத்தில் அவர்கள் ஆடும் கிரிக்கெட்டில் பேட்டிங் பண்ணும் பக்கத்துப் பையன்தான் அம்பயர். தன் கூட்டாளி ரன் அவுட் என்று கண்ணால் பார்த்தவன் கையைத் தூக்கினால் மேட்ச் போகும், கூட்டாளி ஒரு வாரம் பேசமாட்டான். "அப்போ நீ என்னடா பண்ணுவே?" என்று கேட்டேன். ஒரு பையன் உடனே, "தூக்கிடுவேன் பாட்டி" என்றான். இன்னொருவன் பேசவேயில்லை. பிறகு எல்லோரும் ராஜாவைக் குறை சொல்வதை விட்டுவிட்டார்கள்.

வேதாளத்துக்குக் கருணையும் உண்டு. ஜனகர் சபையில் யாக்ஞவல்கியர் கேட்டதற்குப் பதில் தெரியாத சாகல்யனின் தலை விழுந்தது என்கிறது பிருகதாரண்யக உபநிஷதம். வேதாளம் தெரியாதவனைத் தண்டிப்பதில்லை. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் கடைசிப் புதிர் இப்படி: அப்பாவும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைப் பார்க்கிறார்கள். பெரிய பாதத்துக்காரி அப்பாவுக்கு, சிறிய பாதத்துக்காரி மகனுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சிறியது தாயுடையது. பேச்சு மாறாமல் கல்யாணம் நடக்கிறது. இரண்டு ஜோடிக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான். அந்த மௌனத்தில் கள்ளம் இல்லை. வேதாளம் மனம் குளிர்ந்து, பிணம் கேட்ட துறவி க்ஷாந்திசீலன் அவனையே பலியிடப் போகிறான் என்று எச்சரித்து உயிரைக் காப்பாற்றுகிறது.

இந்த முடிவைச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் அவசரமாகச் சொல்வதில்லை. சொன்னால், பரிசு கிடைக்கும் என்றுதான் ராஜா உண்மை பேசினான் என்று ஆகிவிடும். நான் படித்த அம்புலிமாமா இதழ்களில் மாதாமாதம் வேதாளம் மரத்துக்கே திரும்பியது. ராஜாவுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த மாதமும் பேசினான். அந்த ராஜாவைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செத்த சிங்கத்துக்கு உயிர் கொடுத்த நான்கு சகோதரர்கள் கதையிலிருந்து தொடங்கலாம். தலை மாறிய கணவன் கதையைப் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கணவன் தலை எந்த உடம்பில் இருக்கிறதோ அவனே கணவன் என்கிறான் ராஜா. எங்கள் மாடியில் பாதிப் பேர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கட்டிப் பிடிச்சது அந்தக் கைதானே பாட்டி?" என்று வாதம் பண்ணினார்கள். பண்ணட்டும். வேதாளமும் ராஜாவின் தீர்ப்பைச் சரி தப்பு என்று அலசுவதில்லை. மனதில் பட்டதை மறைக்காமல் சொன்னானா என்று மட்டும் பார்க்கிறது.