சொல் தேய்ந்த பின்னும் நிற்கும் தாளம்

பொருள் விளங்காத சொல்லைக்கொண்டு செய்யும் வழிபாடு வழிபாடாகுமா என்பது சமயத் தத்துவத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. வேதச் சொற்களை ஆராயும் நிருக்தம் என்னும் நூலில், மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று வாதிட்ட கௌத்சரின் கருத்தை எடுத்துரைக்கும் யாஸ்கர், கேட்பவனின் அறியாமை சொல்லின் குற்றமாகாது என்று அதை மறுக்கிறார். ஏட்டில் நிகழ்ந்த இவ்வாதம் இலங்கையின் புத்தளம் கரையில் அன்றாட வாழ்வாகவே இருந்துவருகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) தாய்மொழிக்கு வழிதிறக்கும் வரை கரையோர ஆலயங்களின் பூசை இலத்தீனில் நடந்தது; பள்ளிவாசல்களில் தொழுகை இன்றும் அரபு மொழியிலேயே நடக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாத எத்தனையோ மீனவரும் உப்பளத் தொழிலாளரும் அம்மொழிகளில் மனமுருகி மன்றாடியிருக்கின்றனர்.

ஆயினும் இவ்வினா மிகக் கூர்மையாக எழும் இடம் புத்தளத்தை அடுத்த சிரம்பையடி என்னும் சிற்றூராகும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் படைக்கும் ஊழியத்துக்கும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழிவந்தோர் அங்கு வாழ்கின்றனர். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியரின் ஆபிரிக்கப் படைப்பிரிவு கலைக்கப்பட்ட பின் புத்தளத்தில் தங்கிவிட்ட வீரர்களே அவர்களுள் பலரின் முன்னோர். காப்பிரி, காப்பிலி என்று அவர்கள் அழைக்கப்படும் பெயர், நம்பிக்கையற்றவன் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க நம்பிக்கையில் வாழ்ந்த மக்கள்மீது அவநம்பிக்கையையே பெயராக ஏற்றிவைத்திருப்பது வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று. இப்பெயரை எழுத நேரும் ஒவ்வொரு முறையும் அதை நினைவிற்கொள்வது எழுதுபவரின் கடமையாகும்.

இச்சமூகத்தின் இசை மஞ்ஞா எனப்படும். போர்த்துக்கேயம் உள்ளூர் மொழிகளோடு கலந்து உருவான கிரியோல் மொழியிலமைந்த சிறுசிறு அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடும்போது றபானும் சிரட்டையும் கரண்டியால் தட்டும் போத்தலும் தாளத்தைத் தாங்கி நிற்கின்றன. சிங்களத்தையே பேச்சுமொழியாகக் கொண்டுவிட்ட இன்றைய தலைமுறையினருள் பலருக்குப் பாடலடிகளின் பொருள் முழுமையாகத் தெரியாது. அவர்களிடம் நிலைத்திருப்பது மூன்றின் அசைவும் இரண்டின் அசைவும் ஒன்றுக்குள் ஒன்றாய் ஊடாடும் அந்த நடைதான்.

இதே நிலையைக் கடலுக்கு அப்பால் கியூபாவிலும் காணலாம். மொசாம்பிக் கரையிலிருந்து இலங்கைக்கு மட்டுமன்றிக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் மக்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மேற்கு ஆபிரிக்க யொருபா மக்களின் வழிபாட்டுப் பாடல்கள் லுக்குமி எனப்படும் சடங்குமொழியில் நிலைத்தன; பாடுவோருக்கே அம்மொழி பேச்சுமொழியன்று. பாட்டா என்னும் மூன்று இருமுக முழவுகளுள் மிகப் பெரியதும் தாழ்ந்த குரலுடையதுமான முழவுக்கு இயா, அதாவது தாய், என்று பெயர். மற்ற இரண்டையும் வழிநடத்துவது அதுவே. பல இசை மரபுகளில் தாழ்ந்த குரல் பெரும்பாலும் பின்னணியாகவே கருதப்படுவதால், இங்கு அது தலைமை ஏற்பது ஊன்றி நோக்கத்தக்கது.

அத்தாழ்ந்த குரலைத் தம் வாழ்வாகவே கொண்டவர், கச்சாவோ என்று அறியப்பட்ட இஸ்ரேல் லோப்பஸ் (1918–2008). வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவியாகிய கொன்ட்ரபாஸை வாசித்தோர் நிறைந்த ஹவானாக் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே அந்நகரின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இடம்பெற்றார். 1930களின் இறுதியில் அண்ணன் ஒரெஸ்தெஸுடன் சேர்ந்து மாம்போ நடைக்கு வித்திட்டார். 1957இல் தெஸ்கார்கா எனப்படும் கட்டற்ற கூட்டிசையைப் பதிவுசெய்தார். 1962இல் நாட்டைவிட்டு வெளியேறிப் பின்னர் மியாமியில் நெடுங்காலம் பெரும் புகழின்றி வாசித்துவந்து, 1990களில்தான் மீண்டும் உலகின் கவனத்துக்கு வந்தார்.

கியூப பாஸ் கலைஞரின் அடிப்படைப் பயிற்சி தும்பாவோ எனப்படும் தாள அமைப்பாகும். நான்கு அடிகள் கொண்ட சுற்றில் இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவே ஒரு சுரமும், நான்காம் அடியில் ஒரு சுரமும் ஒலிக்கும். பின்னது அடுத்த சுற்றுக்குரிய சுரத்தை முன்னதாகவே எடுத்துத் தந்துவிடுவதால், சுற்றின் முதலடி பெரும்பாலும் மீட்டப்படாமலே கடந்துபோகும். தாளத்துக்கு முன்பே பாட்டு எழும் கர்நாடக இசையின் அதீத எடுப்பு இங்கு நினைவுக்கு வரலாம்; ஆனால் அது பாட்டின் தொடக்கத்துக்குரியது, இதுவோ ஒவ்வொரு சுற்றிலும் நிகழ்வது. எல்லோரும் சாய்ந்து நிற்க விரும்பும் அந்த முதலடியை விரல் மீட்டுவதில்லை. ஆடுபவரின் பாதமே அதை நிரப்புகிறது.

பொருளைச் சொல்லோடு மட்டும் பிணைத்துப் பார்க்கும் வாதத்துக்கு எட்டாத இடம் இதுவே. மீட்டப்படாத அடியை அனைவரும் உணர்வது, அது தங்கள் உடலில் முன்பே இருப்பதால்தான். அவ்வாறே அகராதியில் தேடிக் காண முடியாத ஒரு பொருள், சேர்ந்து பாடுவோரிடையே பழக்கமாகவும் எதிர்பார்ப்பாகவும் கையளிக்கப்படுகிறது. இதனைக் கூறுவது மொழியிழப்பை நியாயப்படுத்துவதாகாது. சிரம்பையடியில் கிரியோல் மங்கியதும், அதற்கு முன்னரே முன்னோரின் ஆபிரிக்க மொழிகள் பறிபோனதும் எவ்விசையாலும் ஈடுசெய்ய முடியாத இழப்புகள். யாஸ்கரின் மறுமொழியும் பொருளைத் தேடும் பொறுப்பைக் கேட்பவர்மீதே வைக்கிறது. ஆகவே எஞ்சியிருக்கும் அடிகளின் பொருளை, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இன்னும் கிரியோல் பேசும் பறங்கியரிடம் கேட்டுத் தெளிவதும் அப்பொறுப்பில் அடங்கும். அப்பணி நிறைவேறும் வரை மஞ்ஞா காத்திருக்கவில்லை: மெதுவாகத் தொடங்கும் பாட்டு ஒவ்வொரு மீள்வரவிலும் சற்றே விரைவு கொள்ள, சிரட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஒலி நெருங்கி வர, அமர்ந்திருந்த மூதாட்டிகளும் எழுந்து ஆடுகின்றனர்.