உதிர்வதற்கு முன்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லெட்ச்வொர்த் மாநிலப் பூங்கா இருக்கிறது. அக்டோபரில் ஜெனசி ஆற்றுப் பள்ளத்தாக்கெங்கும் மஞ்சளும் சிவப்பும்தான். சாகப்போற இலையைப் போய் ரசிக்கணுமான்னு சிலருக்குத் தோணலாம்.

பகல் குறையும்போது மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. கோடை முழுவதும் பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் அப்போது தெரிகிறது. மேப்பிளின் சிவப்போ பெரும்பாலும் கடைசி வாரங்களில் புதிதாக உண்டாவது. காம்படியில் ஓர் அடுக்கு உருவாகி இலை கழன்று விழுகிறது. ஆக, மக்கள் ரசிப்பது மரம் மும்முரமாக வேலை செய்யும் காலத்தை.

துறவுன்னா எல்லாத்தையும் தூக்கி எறியறதுன்னு நாம் சுலபமா பேசிடுறோம். மேப்பிள் அப்படிச் செய்யவில்லை. சேர்க்கவேண்டியதைச் சேர்த்துவிட்டுத்தான் விடுகிறது. படிப்பையும் வீட்டையும் பாதியில் விட்டுட்டு, "எனக்குப் பற்று இல்லை"ன்னு சொல்லித் திரியும் நண்பன் எதைச் சேர்த்து வைத்தான்? (கேட்டா கோபப்படுவான். கேட்டுத்தான் ஆகணும்.)