பெயரும் பாட்டும்

கதிரவனுக்கு மிக அண்மையில் சுழலும் புதன் கோளில், விண்கல் மோதியதால் விளைந்த, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளம் ஒன்றுண்டு. மாரினர் 10 விண்கலம் 1974இல் அக்கோளைப் படமெடுத்த பின்னர், 1976இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதற்குச் சூட்டிய பெயர் தியாகராஜர் என்பதாகும். புதனின் பள்ளங்களுக்குக் கலைஞர், புலவர் பெயர்களை இடுவது மரபு; காளிதாசர், வால்மீகி பெயர்களும் அங்குண்டு.

திருவையாற்றில் வாழ்ந்து 1847இல் மறைந்த அப்பெரியார்க்கு இது பெருமைதானா? புதனில் காற்று இல்லையென்றே சொல்லலாம். காற்றில்லா இடத்தில் ஓசை பரவாது. நாதத்தையே வழிபாடாகக் கொண்டவரின் பெயர், ஒரு சுரமும் ஒலிக்கவியலா நிலத்திற்கு வாய்த்தது விந்தையன்றோ!

காற்றும் மழையும் இன்மையால் அப்பள்ளம் பல கோடி ஆண்டுகள் நிலைக்கும். நம் புவியிலோ இத்தகைய வடுக்கள் தேய்ந்து மறைகின்றன. மகாராட்டிரத்து லோணார் ஏரி போல் எஞ்சியவை சிலவே. ஆயினும், வடுவைத் தேய்க்கும் அதே காற்றே பாட்டைச் செவியில் சேர்க்கிறது. அழியாமையும் உயிர்ப்பும் ஒருங்கே கிட்டுவது அரிது.

பள்ளுருத்தியில் உப்புக்காற்று நம் சுவர்களின் சுண்ணத்தை உதிர்க்கிறது. அக்காற்றிலேதான், மாலை வேளையில் ஒரு சிறுமி தட்டுத்தடுமாறிப் பாடும் தியாகராஜர் கீர்த்தனை நம்மை வந்தடைகிறது. நம் முன்னோர் தமிழை நாவில் ஏந்தியே இவ்வூருக்கு வந்தனர். சங்கத்திற்குக் கட்டடமும் பெயர்ப்பலகையும் வேண்டற்பாலனவே. ஆனால் நம் மக்கள் இல்லத்தில் தமிழ் பேசாராயின், அப்பலகையும் புதனின் பள்ளமே: பெயர் நிற்கும், பாட்டு இராது.