வேறுபாடே வழி

நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். அதன் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். விடையையும் (மூன்று இலக்கமே வந்தால் முன்னே ஒரு பூஜ்யம் சேர்த்து) அப்படியே அடுக்கிக் கழியுங்கள். அநேகமாக எங்கே தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174 வந்து நிற்கும். அதற்குப் பிறகு எத்தனை முறை கழித்தாலும் 7641 – 1467 = 6174 தான். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1949-இல் அறிவித்த உண்மை இது.

1111, 2222 என ஒரே இலக்கத்தால் ஆன ஒன்பது எண்கள் மட்டும் அங்கே போய்ச் சேர்வதில்லை. முதல் கழித்தலிலேயே பூஜ்யமாகிவிடுகின்றன. ஓர் இலக்கமாவது மாறியிருந்தால் போதும், வழி திறந்துவிடும்.

மனிதர்களிடமும் அப்படித்தான். எல்லோரும் ஒன்றையே நினைக்கும் இடத்தில் சண்டை இருக்காது, வளர்ச்சியும் இருக்காது. மாறுபட்டு நிற்கும் ஒருவர் நம் கணக்கைக் கெடுக்க வந்தவர் அல்லர். கணக்கு நடப்பதே அவரால்தான். ஒற்றுமை என்பது ஒன்றுபோல் இருப்பதன்று; வேறு வேறாய் இருந்து ஓரிடம் சேர்வது.