பதக்கம் பெற்ற உடம்பு யாருடையது?

விளையாட்டில் பெயரெடுத்த ஒருவர் பிற்காலத்தில் வீடற்றவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தாலோ, பாடசாலைகளுக்காக அலைந்து திரிந்தாலோ, அவரைப் பெருமனதுக்காரர் என்று புகழ்கிறோம். இந்தப் புகழ்ச்சி எனக்கு உடன்பாடில்லை. கொடுக்கப்படும் பொருள் முதலில் அவருடையதுதானா என்று கேட்க வேண்டும். சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும், அதாவது உடம்பும், மனம் முதலான கருவிகளும், வாழும் உலகும், நுகர்பொருளும், உயிருக்கு இறைவன் அளித்தவை. உயிர் அவற்றைக் கொண்டு வாழலாம். என்னுடையவை என்று உரிமை பாராட்ட முடியாது. இதை மைதானத்துக்கும் பொருத்திப் பார்த்தால், வீரர் செய்யும் தொண்டு தானமாகாது. பட்ட கடனைத் தீர்ப்பதாகவே ஆகும்.

முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்வோம். டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் எடுத்தவர். அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. மணிக்கட்டும் அசாதாரணமாகச் சுழல்வது. அந்தக் கையைக் காரணம் காட்டித்தான் 1995 இல் மெல்பேர்ணில் நடுவர் அவருடைய பந்துகளை முறையற்றவை என்றார். அதே கைதான் அவரை உலகின் உச்சிக்கும் கொண்டுபோனது. பழியும் புகழும் அவர் கேட்டு வாங்காத ஓர் எலும்பமைப்பிலிருந்து வந்தவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் சீனிகமவை மையமாகக் கொண்ட தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து அவர் உழைத்ததையும், போருக்குப் பின் 2012 முதல் வடக்கில் பாடசாலை அணிகளுக்காக அவர் பெயரில் கிரிக்கெட் போட்டிகள் நடந்ததையும் இந்த இடத்திலிருந்து பார்க்கிறேன். பிஸ்கற் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, தாமும் குளிர்பானத் தொழிலில் இறங்கியவருக்கு முதலீடு என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். அவருடைய முதல் முதலீட்டை, அந்தக் கையை, போட்டவர் அவரல்லர்.

வளைந்த முழங்கையோடு எத்தனையோ பேர் பிறந்திருக்கலாம், 800 விக்கெட் எடுத்தவர் ஒருவர்தானே, உழைப்புக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விடாமல் பயிலும் மன உறுதியும் கரணத்தில் அடங்குவதுதான். பயில ஓய்வு தந்த வீடும், பந்தெறியக் கற்றுத்தந்த பயிற்றுநரும் புவனத்தில் அடங்குவர். அப்படியானால் மனிதனைப் பாராட்ட எதுவுமே மிஞ்சாதே என்றால், மிஞ்சுகிறது. சித்தாந்தம் உயிரைச் சடமாக்கிவிடவில்லை. இச்சையும் அறிவும் செயலும் அதற்கு உண்டு என்கிறது. கிடைத்ததை எந்தப் பக்கம் திருப்புவது என்பது உயிரின் பொறுப்பு. ஆகவே சாதனையைவிட, சாதனைக்குப் பின் வந்த வருடங்களே ஒருவருடைய சொந்தச் சம்பாத்தியம். கைதட்டல் ஓய்ந்த பிறகு அவர் எங்கே போனார் என்பதை நாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

புகழுள்ளவரின் தொண்டும் புகழுக்காகத்தான் என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கூர்மையானது. இதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். 'நான் செய்தேன்' என்ற எண்ணத்தோடு செய்யும் நல்வினையும் உயிரைக் கட்டும். பொன்னால் செய்தாலும் விலங்கு விலங்குதான். ஆனால் அந்தக் கணக்கு செய்தவருக்கும் அவருடைய ஆணவத்துக்கும் இடையில் உள்ளது. பெறுபவரின் பயன் அதனால் குறைவதில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் விளையாட்டு வீரரல்லர். ஆயினும் இதற்குச் சான்று அவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியில் இருக்கிறது. 1921 இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் வளவில்தான் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் உருவானது. அவருடைய உள்ளத்தில் புகழாசை எவ்வளவு இருந்தது என்று இன்று அங்கே படிக்கும் பிள்ளை அளந்து பார்க்க வேண்டியதில்லை. படிப்பு அதற்குக் கிடைக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. கடன் என்றால் யாருக்கு? இதைக் கேட்க நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் வாழ்க்கையைவிடப் பொருத்தமானது வேறில்லை. யாழ். மத்திய கல்லூரி மாணவரான அவர் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலில் கலந்துகொண்டார்; 1956 இல் மெல்பேர்ணுக்கும் போனார். 1958 இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றார். அந்த விழா நடந்த மே மாத இறுதியில்தான் நாட்டில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன, 27 ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தன் இனத்தவரைக் காக்கத் தவறிய நாட்டுக்கு அவர் என்ன கடன்பட்டிருந்தார்? அந்த அரசுக்கு அவர் எதுவும் கடன்படவில்லை என்பதே என் விடை. கடன் கொடுத்தது அரசன்று. சித்தாந்தத்தின்படி அது இறைவனுடையது. இறைவனுக்கு எதுவும் தேவையில்லாததால் அதை உயிர்களிடத்தில்தான் செலுத்த முடியும். அதற்கு எல்லைக்கோடும் கடவுச்சீட்டும் கிடையா. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர் சியரா லியோனில் கற்பித்ததும், யுனெஸ்கோவுக்காகப் பணியாற்றியதும் கடனைத் தட்டிக்கழித்த செயல்களாகா. ஏன் வெளியே போனார் என்று குறைகூறுவோரும், இந்த நாட்டுக்காக ஏன் பாய்ந்தார் என்று கேட்போரும் கடன் கொடுத்தவர் யாரென்பதில் ஒரே பிழையைச் செய்கிறார்கள். இருந்தும் புவனத்துக்குத் தனி உரிமை ஒன்று உண்டு. அவரை முதன்முதலில் பாயவிட்ட மைதானமும், எழுத்தறிவித்த பள்ளியும் இந்த மண்ணில்தான் இருந்தன. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கின் கல்விக்கும் புனர்வாழ்வுக்கும் அவர் திரும்பி வந்து உழைத்தது அதனால்தான் என்று நான் கருதுகிறேன். அப்போது அவருக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது, 2.03 மீற்றர் பாய்ந்த கால்கள் முதுமையை எட்டியிருந்தன. அந்தப் பணிக்குப் பதக்கம் இருக்கவில்லை.