கொடையா, உரிமையா?
மலையக வீட்டுப் பிரச்சினை பற்றிய ஓர் அறநோக்கு

தமிழ் மொழியிலே ‘வீடு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மனிதன் உறையும் இல்லம் ஒன்று. அவன் அடைய விழையும் விடுதலை மற்றொன்று. அறம், பொருள், இன்பம், வீடு என வாழ்வின் பேறுகளை நம் முன்னோர் வகுத்தபோது பின்னதையே குறித்தனர். ஊவாவின் தேயிலை மலைகளிலே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சிச் செய்தியன்று. உறைவிடம் இருந்தும் விடுதலை இல்லாத இடத்தை வீடு எனலாமா என்பது அவருக்கு வாழ்க்கை வினாவாகும்.

கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து முதல் தொழிலாளர் வந்தது 1823 எனக் கொண்டு, 2023இல் மலையக மக்களின் இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தே சென்றனர். இந்த இருநூறு ஆண்டுகளில் கோப்பி நோயுற்று அழிந்து தேயிலை வந்தது. ஆயினும் லயம் நிலைத்தது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பிரா, முன்னே ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு, அடுத்த குடும்பத்தைப் பிரிக்கும் ஒற்றைச் சுவர் என்பதே அதன் அமைப்பு. பிரட்டுக்களத்திலே வரிசையாக நிற்பவர் இரவிலும் வரிசையாகவே உறங்குதல் வேண்டும் என்பதுபோல அது கட்டப்பட்டது. குடும்பத்தின் தேவையை அன்றித் தொழிற்படையின் தேவையை நோக்கி எழுந்த கட்டடம் அது.

லயத்திற்கு வாடகை இல்லை, எனவே அது தோட்டம் தொழிலாளிக்கு அளித்த கொடை என்பர் சிலர். இக்கூற்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. கொடையின் இலக்கணம் யாது? கொடுப்பவன் கைம்மாறு கருதாமையும், பெறுபவன் மறுக்கக்கூடியவனாய் இருத்தலும் அதற்கு இன்றியமையாதன. விடியுமுன் பிரட்டுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே மலையிலே லயம் எழுந்தது. அதனை மறுத்துவிட்டு வேறிடத்தில் தங்கும் வாய்ப்பு தொழிலாளிக்கு இருந்ததில்லை. ஆகவே அது கொடையன்று. கொடுக்கப்படாத கூலியின் ஒரு பகுதியே ஆகும்.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. வாடகை செலுத்தாதவர் வாடகையாளர் ஆகார். வாடகையாளர் ஆகாதவருக்கு வாடகையாளரின் உரிமையும் இல்லை. 1973ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், உச்சவரம்புக்கு மேற்பட்ட வீடுகளில் வாடகைக்கிருந்தோர் அவ்வீடுகளை வாங்குவதற்கு வழி திறந்தது. நகரத்து வாடகையாளர் பலர் அதனால் உரிமையாளர் ஆயினர். அந்த மாற்றம் லயத்து வாயிலை எட்டவில்லை. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், காம்பிரா மாறவில்லை.

லயங்களைக் கட்டியோரின் தாய்நாடாகிய பிரித்தானியா, 1919ஆம் ஆண்டின் சட்டத்தினால் தன் தொழிலாளருக்கு நகரசபைகள் வீடு கட்டிக்கொடுக்க வழி செய்தது. அங்கே கூலி கொடுத்தவர் ஒருவர். வீடு கொடுத்தது மற்றொன்று. தொழிலை இழந்தவர் அக்கணமே கூரையையும் இழக்கவில்லை. தோட்டத்திலோ கூலி கொடுக்கும் கையே வீட்டின் திறவுகோலையும் வைத்திருந்தது. மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்பது இமானுவேல் கான்ற் வற்புறுத்திய அறம். உழைக்கும்வரை மட்டுமே உறையலாம் என்னும் விதி அவ்வறத்தை நாள்தோறும் மீறுகின்றது.

என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் ஈண்டுப் பொருந்தும். நாங்கள் அறுவர் ஒரே காம்பிராவில் இருந்தோம். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த ஆண்டில், அடுப்புப் புகையிலிருந்து என்னைக் காக்க எண்ணி, அம்மா பின்புறத்தில் நான்கு தகரங்களால் ஒரு குசினி இறக்கினார். மூன்றாம் நாள் அதிகாரி ஒருவர் வந்து, “யாரைக் கேட்டுக் கட்டினீங்க?” என்றார். “முப்பது வருசமா இங்கதான் இருக்கோம் ஐயா” என்றார் அம்மா. அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தகரங்களை அவரே கழற்றினார். முப்பது ஆண்டு வாழ்ந்தமை ஓர் உரிமையாகாதா என்னும் கேள்வி அன்று என்னுள்ளே எழுந்தது, இன்னும் அடங்கவில்லை.

வீடும் காணியும் சொந்தமானால் தொழிலாளர் தோட்டத்தை விட்டு நீங்குவர், தொழில் கெடும் என்பது எதிர்வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் அதனைக் கூறுவோர் தம்மையறியாமலே ஒன்றை ஒப்புக்கொள்கின்றனர்: லயம் வீடாக அன்றி, கயிறாகவே பயன்படுகின்றது. கட்டி வைத்தாலன்றி ஆள் நில்லாத தொழில், திருத்த வேண்டியது கூலியையும் நிலைமையையுமே ஆகும்.

கூரையைத் திருத்தி, சுவருக்குச் சுண்ணாம்பு பூசினாற் போதாதா என வினவுவாரும் உளர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. அம்மண் சரியக்கூடும் என்னும் எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால், விலகிச் செல்க என்பது செல்லுமிடம் உள்ளவருக்கே பயன்படும் அறிவுரை. தனக்கென ஓரடி நிலமும் இல்லாதவர் எச்சரிக்கையைக் கேட்டபின்னும் அதே கூரையின் கீழேதான் உறங்க வேண்டும். ஆகவே காணியுரிமை என்பது செல்வம் பற்றிய கோரிக்கை மாத்திரமன்று. உயிர் பற்றியதும் ஆகும்.

அண்மைக் காலத்தில் மாற்றம் தொடங்கியுள்ளது என்பதை மறுத்தல் நேர்மையன்று. 2015இன் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. இந்திய உதவியுடனும் வீடுகள் எழுந்தன. தோட்டங்களுக்குச் சேவையாற்றப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத்தடையும் 2018இல் திருத்தப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் உறுதிப்பத்திரம் கையில் வராத தனிவீடு, சற்றுப் பெரிய காம்பிராவே. வீதியும், குடிநீரும், கடிதம் நேரே வந்து சேரும் முகவரியும் சேரும்போதே வீடுகள் ஊராகின்றன. அவ்வூர் எங்கே, எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை அங்கு வாழப்போகின்றவரிடம் கேட்டறிதலும் உரிமையின் ஒரு கூறேயாம்.

இறுதியாக, நம்மைப் பற்றி ஒரு சொல். லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த நம்மைச் சுட்டிக்காட்டி, படித்தால் வெளியேறலாம் என நம் தம்பி தங்கையருக்குக் கூறுகின்றனர். நல்ல அறிவுரைதான். ஆனால் ஒருவர் தப்பிச் செல்வது வேறு. அனைவருக்கும் நீதி கிடைப்பது வேறு. கல்வி எனக்கு விடுதியிலே ஒரு மேசையும் விளக்கும் தந்தது. அம்மா இன்னமும் அந்தப் புகையிலேதான் சமைக்கின்றார். அவர் யாரையும் கேளாது நான்கு தகரங்களை மீண்டும் நாட்டும் நாளிலேயே, ‘வீடு’ என்னும் சொல்லின் இரு பொருளும் எங்கள் மலையிலே ஒன்றாகும்.