உபகாரமா, உரிமையா?

சர்க்கார் உத்தியோகஸ்தர் ஓய்வு பெற்ற பின் மாதந்தோறும் வாங்கும் தொகைக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் உபகாரச் சம்பளம். உபகாரம் என்றால் கொடுப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது; சம்பளம் என்றால் உழைத்தவர் கணக்குப் பார்த்துக் கேட்பது. ஒரே பெயரில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. அந்த உத்தியோகஸ்தர் மௌத்தாகி, தொகை அவருடைய விதவையின் கைக்கு வரும்போது, அது இவ்விரண்டில் எது? வியாபாரிகளாகிய நாம் இக்கேள்வியை நமக்குச் சம்பந்தமில்லாததென்று தள்ளிவிட முடியாது. காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

நம் பேரேட்டு வழக்கப்படியே இதை ஆராய்வோம். சரக்கை இன்று இறக்கிவிட்டு, விலையில் ஒரு பகுதியைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்த ஒரு வியாபாரி, தவணைக்கு முன் இறந்துவிட்டால் பாக்கி தள்ளுபடியாகிவிடுமா? அவருடைய வாரிசுகள் வந்து கேட்டால் தருமம் என்று கொடுப்போமா, பாக்கி என்று கொடுப்போமா? சர்க்கார் ஊழியரின் நிலையும் இதற்கு நெருங்கியதே. அவருடைய உழைப்பின் பலனில் ஒரு பகுதி மாதச் சம்பளமாக வருகிறது. மற்றொரு பகுதி, முதுமைக்கும் தம் மறைவுக்குப் பின் குடும்பத்துக்குமென்று வாக்குறுதியாக நிற்கிறது. அதை நம்பியே அவர் வேறு தொழில் தேடாமல் இருந்தார். அதை நம்பியே அவர் மனைவியும் உள்ள வருமானத்தில் குடும்பத்தை நடத்தினாள்.

"நாங்கள் கட்டும் வரிப் பணத்திலிருந்து அல்லவா கொடுக்கிறார்கள்? எங்களுக்கு யார் உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்கள்?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த ஆசிரியரிடம் படித்தவர்கள் நம் பிள்ளைகள். அந்தத் தாதியின் பராமரிப்பில் குணமானவர்கள் நம் வீட்டார். சரக்கை வாங்கி அனுபவித்துவிட்டுப் பாக்கியைத் தயவு என்று சொல்வது எந்த வியாபாரிக்கும் அழகன்று.

உபகாரச் சம்பளம் சர்க்காரின் தயவன்று, உரிமையே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1971-ஆம் ஆண்டிலும், மீண்டும் 1982-ஆம் ஆண்டிலும் தீர்ப்பளித்தது. அங்கே 1964-இல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டத்திற்கு வெளியே விடப்பட்ட விதவைகள் வழக்காடி, 1985-இல் தங்களுக்கும் நீதி பெற்றார்கள்.

நம் மலேசியாவில் சட்டம் இரண்டு குரலில் பேசுகிறது. 1980-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் அதன் 3-வது பிரிவில், எந்த உத்தியோகஸ்தருக்கும் ஓய்வூதியத்தில் முழு உரிமை கிடையாது என்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 147-வது விதியோ, வழங்கப்பட்ட ஓய்வூதியத்தைப் பாதகமாக மாற்றலாகாது என்று காவல் நிற்கிறது. அக்காவலில் விதவையையும் பிள்ளைகளையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. இக்காவல் வெறும் எழுத்தன்று. சேவையிலிருப்போரின் சம்பளத் திருத்தத்தோடு ஓய்வூதியமும் உயரும் பழைய முறையை நீக்கி, ஆண்டுக்கு 2 சதவீதம் என்று 2013-இல் திருத்தம் வந்தது. ஓய்வு பெற்ற அமினா அகமது என்ற பெண்மணி தமக்காகவும் சக ஓய்வூதியர் பலருக்காகவும் வழக்குத் தொடுத்தார். அத்திருத்தம் செல்லாதென்று 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2023-இல் கூட்டரசு நீதிமன்றமும் தீர்ப்புக் கூறின.

மறுமணம் செய்த விதவைக்கு ஓய்வூதியம் முன்பு நின்றுபோகும். 2002 முதல் அவ்வாறு நிறுத்துவதில்லை. தருமமாயின், ஆதரவு கிடைத்தவுடன் நிறுத்தலாம். உரிமையாயின், கடனாளி வந்து, "உனக்குத்தான் இப்போது வசதி வந்துவிட்டதே" என்று பாக்கியை மறுக்க முடியுமா?

உரிமை என்று பேசும்போது பிறர் உரிமையையும் மறக்கலாகாது. இந்த ஓய்வூதியத்தைச் சட்டம் விதவைக்கும் பிள்ளைகளுக்குமென்றே கொடுக்கிறது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தோடு சேர்த்துப் பங்கு போட அவருடைய சகோதரர்களுக்கு இதில் வழியில்லை. ஊழியர் சேமநிதிப் பணமோ வேறு வகை. முஸ்லிமின் சேமநிதியில் பெயர் குறிக்கப்பட்டவர் அதைப் பெற்று வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளரே என்று 1973-இல் தேசிய பத்வாக் குழு முடிவு செய்தது. அதில் மனைவிக்குப் பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. தாய் தந்தையர் இருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு. ஓய்வூதியத்தில் விதவையின் ஹக்கைப் பறிப்பது எப்படி அநியாயமோ, சேமநிதியில் மாமியாரின் ஹக்கை மறைப்பதும் அப்படியே அநியாயம்.

இனி, முதலில் சொல்லாமல் விட்ட காரணத்துக்கு வருவோம். ஜொகூர் பாருவிலும், மூவாரிலும், குளுவாங்கிலும் நம் கடைகளில் பல்லாண்டு நின்று உழைத்த சிப்பந்தி ஒருவர் இறந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலாளி ஒரு தொகை போடுகிறார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் போடுகிறார்கள். ஊரிலிருக்கும் மனைவிக்கு அனுப்புகிறோம். நல்ல செயலே, அதைக் குறை கூறவில்லை. ஆனால் சேமநிதி 1951-லும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969-லும் வந்துவிட்டன. வேலை விபத்துப் பாதுகாப்பு 2019 முதல் வெளிநாட்டுச் சிப்பந்திகளுக்கும் உண்டு. செலுத்த வேண்டிய சந்தாவை மாதாமாதம் செலுத்தாமல் இருந்துவிட்டு, மௌத்துக்குப் பின் சதக்கா கொடுப்பவர், அந்த விதவைக்கு உரிமையாய் வந்திருக்க வேண்டியதை உபகாரமாக மாற்றிவிடுகிறார். அவள் தலை நிமிர்ந்து வாங்க வேண்டியதைக் கை ஏந்தி வாங்குகிறாள். தொகை சமமாகவே இருந்தாலும் இவ்விரண்டும் சமமாகா.

நம் சொந்த மனைவியரின் நிலை என்ன? முதலாளிக்கு உபகாரச் சம்பளம் இல்லை. கடைக் கணக்கு அவருடைய தலைக்குள் இருக்கிறது. கூட்டாளியின் பங்கு எவ்வளவு, கைமாற்று எவ்வளவு என்பது மனைவிக்குத் தெரியாது. சுயதொழில் செய்வோருக்கென 2017-இல் தனிச் சட்டம் வந்து, 2020 முதல் சிறு வியாபாரிகளுக்கும் விரிந்திருக்கிறது. அதில் சேர்ந்தவர் தொழிலின் காரணமாக விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்கும்.

ஆகவே, சகோதரர்களே, சிப்பந்திகளின் சந்தா பாக்கியை இம்மாதமே தீர்த்துவிடுங்கள். கூட்டு வியாபாரத்தின் பங்கைக் காகிதத்தில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். நிக்காஹ் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கணக்கு ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை மனைவியிடம் சொல்லி வையுங்கள். நமக்குப் பின் அவர்கள் யாருடைய இரக்கத்துக்கும் காத்து நிற்க வேண்டிய நிலையை நாம் வைத்துப் போகலாகாது.